பதினாறில் பதினைந்து

சந்திரகாந்தி டீச்சருக்குத் தன்னைப் பற்றி ஒரு நல்ல அபிப்பிராயம் இருந்தது. 1999ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வரைக்கும் அது எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு யாராவது அவரைப் புகழ வாயெடுத்தால் அவரே முந்திக்கொண்டு தன்னைக் கேலி செய்துவிடுவார். இந்தக் கதையையும் பதுளையில் பாதி ஆசிரியர்கள் அவர் வாயாலேயே கேட்டிருக்கிறார்கள்.

அவருடைய தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்கக் கந்தோரான பதுளைக் கச்சேரிக்குக் கிளாக்காக வந்தவர். வந்தவர் வீட்டையும் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். டீச்சர் பிறந்தது, படித்தது, கலியாணம் முடித்தது எல்லாம் பதுளைதான். வீட்டுக் குசினி யன்னலைத் திறந்தால் நமுனுகுல மலை தெரியும். நாற்பது வருடமாகத் தேத்தண்ணி போடும்போதெல்லாம் அந்த மலையைப் பார்த்தவர், அங்கே யார் இருக்கிறார்கள், கையிலுள்ள தேயிலையை யார் கிள்ளினார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மலை பார்க்க வடிவாக இருந்தது, அதோடு சரி.

1996இல் டீச்சருக்கு அந்த மலைக்கே இடமாற்றம் வந்தது. ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடம். டீச்சர் இரண்டு நாள் அழுதார். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று பத்துப் பேருக்குக் கடிதம் எழுதிப் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை. காலை ஐந்தே முக்கால் பஸ்ஸில் ஏறி, பசறைக்குப் போகும் வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இறங்கி, அரை மணித்தியாலம் தேயிலைக்குள்ளால் ஏறி நடந்து பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார். முதல் நாள் வகுப்பில் நின்று, "பிள்ளையள், இஞ்ச பாருங்கோ" என்றார். யாழ்ப்பாணத்து 'இஞ்ச' என்றால் 'இங்கே' என்று தெரியாத பிள்ளைகள் இஞ்சி எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள். அன்றிலிருந்து அவருக்கு இஞ்சி டீச்சர் என்று பெயர். அது டீச்சருக்குத் தெரியவர ஆறு மாதம் எடுத்தது. அந்த ஆறு மாதமும் பிள்ளைகள் தன்னைப் பார்த்துச் சிரிப்பது அன்பினால் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில்தான் படிப்பிக்கும் முறையை மாற்ற வேண்டும் என்று மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். பதுளையில் ஐந்து நாள் செயலமர்வு நடந்தது. அதை நடத்த வந்தவர் நிலத்தில் பாயை விரித்து, சோடா மூடிகளையும் ஈர்க்குகளையும் கொட்டி, ஆசிரியர்களையே பிள்ளைகளாக இருத்தி விளையாட வைத்தார். பதினாறு வருடமாக வாய்ப்பாட்டையும் பிரம்பையும் நம்பியிருந்த சந்திரகாந்தி டீச்சர் அங்கே சோடா மூடிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கழித்தல் செய்தபோது, தனக்கே கழித்தல் அன்றைக்குத்தான் விளங்கியது போல உணர்ந்தார். இதை அவர் வெளியில் சொல்லவில்லை. கணித ஆசிரியை அல்லவா.

அதிலிருந்து பிடித்தது பைத்தியம். வீட்டில் சப்பாத்துப் பெட்டி தங்கவில்லை, கலண்டர் தங்கவில்லை. தபாற்கந்தோரில் வேலை பார்க்கும் புருஷன் தனேஸ்வரன் ஒரு நாள் தன் நல்ல சேர்ட் பெட்டியின் அட்டையைத் தேடிக் களைத்துப்போய்ச் சொன்னார்: "இந்த வீட்டில இன்னும் வெட்டுப்படாமல் இருக்கிறது நான் ஒருத்தன்தான்."

"உங்களை வெட்டினால் சமபங்கு வராதப்பா," என்றார் டீச்சர், கத்தரிக்கோலை விடாமலே.

இந்த ஆர்வம் எல்லாம் பிள்ளைகளுக்காகத்தானா என்று கேட்டால், முழுக்க அப்படியில்லை. வலயக் கல்வி அலுவலகத்தில் கணித ஆசிரிய ஆலோசகர் இடம் ஒன்று காலியாகியிருந்தது. ஆலோசகருக்கு எட்டரைக்குக் கந்தோர். வீட்டிலிருந்து நடந்தே போகலாம். வளைவும் இல்லை, வாந்தியும் இல்லை. விண்ணப்பித்தவர்களுடைய வகுப்பை உதவிப் பணிப்பாளர் சரவணமுத்து நேரில் வந்து பார்த்துச் சிபாரிசு செய்வார் என்று சொல்லியிருந்தார்கள். டீச்சருடைய பள்ளிக்கூடத்துக்கு அவர் வரும் திகதி ஒக்டோபர் இருபத்தைந்து. அந்த ஒரு பாடம் நன்றாகப் போனால் மலையை இனி யன்னலால் பார்த்தால் போதும்.

தரம் ஐந்துக்குப் பின்னம் என்று தீர்மானித்து ஒரு விளையாட்டைச் செய்தார் டீச்சர். பெயர் ரொட்டிக் கடை. பிறிஸ்டல் அட்டையில் வட்ட வட்டமாக ரொட்டிகள். அவற்றை வெட்டித் துண்டுகள்: அரைத் துண்டு சிவப்பு, கால் துண்டு மஞ்சள், முக்கால் துண்டு நீலம். பகடையை உருட்டினால் அரையோ காலோ முக்காலோ விழும். விழுந்த துண்டை எடுத்து அடுக்கி, முதலில் முழு ரொட்டியைச் சேர்ப்பவர் முதலாளி. பிள்ளைகள் அடிபட்டு விளையாடினார்கள். கால் என்று கத்தியதும் மஞ்சளை எடுத்தார்கள், முக்கால் என்றதும் நீலத்தை எடுத்தார்கள். ஒரு பிழை கிடையாது. டீச்சர் பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஆலோசகரானால் செயலமர்வில் எப்படிப் பேசுவது என்று மனதுக்குள் பேசிப் பார்த்தபடி வருவார். ஒரு நாள் வாய்விட்டே பேசிவிட்டார். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இடத்தில் போய் இருந்தாள்.

அப்போது ஒரு எச்சரிக்கை வந்தது. டீச்சர்தான் அதைக் கையில் வாங்கிக் கசக்கிப் போட்டுவிட்டார். ஒரு நாள் வகுப்பில், "அரை எண்டால் என்ன? ஆர் சொல்லுவியள்?" என்று கேட்டார். சுதர்சினி கையைத் தூக்கினாள். கொழுந்தெடுக்கும் பெரியாயியின் மகள். எதற்கும் முதலில் எழும்புகிற கை அது.

"அரைப்பேரு டீச்சர்."

"அரைப் பேரோ? ஆற்ற பேர்?"

"எங்கம்மாவுக்குங்க. நேத்து அரைப்பேருதான் போட்டாங்க."

டீச்சருக்கு உடனே விளங்கிவிட்டது. பாவம், தாய்க்கு முழுப் பெயரும் எழுத வராது, பாதிப் பெயரைத்தான் ஒப்பமாகப் போடுகிறாள். தோட்டத்துத் தாய்மாருக்கு ஒரு முதியோர் கல்வி வகுப்பு நடத்தினால் என்ன என்றுகூட அந்த ஒரு நிமிடத்துக்குள் யோசித்து முடித்தார். பிறகு, கிடைத்த சந்தர்ப்பத்தை விடக்கூடாது என்று ஒரு அட்டைக் கீற்றில் சுதர்சினி என்று எழுதி, கத்தரிக்கோலை எடுத்தார்.

"இதில எத்தினை எழுத்து? அஞ்சு. அப்ப அரைப் பேர் வேணுமெண்டால் எங்க வெட்ட வேணும்? நடுவில நிக்கிற 'ர்'ஐயும் ரெண்டாய் வெட்ட வேணும், பாருங்கோ."

வெட்டியும் காட்டினார். வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. சுதர்சினி மட்டும் சிரிக்காமல் வந்து இரண்டு துண்டையும் வாங்கிக்கொண்டு போனாள். அன்றைய பாடக் குறிப்பில் டீச்சர், "மாணவரின் சொந்த அனுபவம் பாடத்துடன் இணைக்கப்பட்டது" என்று எழுதி, அடியில் கோடும் போட்டார்.

சரவணமுத்து வருவதற்கு இரண்டு கிழமை இருக்கும்போது அதிபர் அலவி ஒத்திகை பார்க்க வகுப்புக்கு வந்தார். பசறைக்காரர், பன்னிரண்டு வருடமாக அந்தப் பள்ளிக்கூடத்தின் அதிபர். பிள்ளைகள் ரொட்டிக் கடையைப் பிழையில்லாமல் விளையாடி முடித்தார்கள். டீச்சர் பாராட்டுக்காகக் காத்து நின்றார். அலவி ஒரு மஞ்சள் துண்டை எடுத்து, நிறம் தெரியாமல் வெள்ளைப் பக்கத்தைத் திருப்பிப் பிடித்தார்.

"இது எவ்வளவு?"

"அரை சேர்."

சிவப்பைத் திருப்பினார். "அரை சேர்." நீலத்தைத் திருப்பினார். முக்கால் ரொட்டி, யார் பார்த்தாலும் தெரியும். முப்பத்தொரு பிள்ளைகளும் ஒரே குரலில், "அரை சேர்."

டீச்சருக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது போல இருந்தது.

"டீச்சர், புள்ளைகள் படிச்சது நிறத்த," என்றார் அலவி. பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "ஏன் எல்லாத்துக்கும் அரைங்கிறீங்க?" என்று கேட்டார்.

சுதர்சினி எழுந்தாள். "முழுசா இல்லாட்டி அரைதானேங்க சேர். பதினஞ்சு எடுத்தாலும் அரைப்பேரு, ஒம்பது எடுத்தாலும் அரைப்பேரு."

அலவி சிரிக்கத் தொடங்கியவர் டீச்சரின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "மூணு வருஷமா இங்க வாறீங்க. அரைப்பேர் தெரியாதா டீச்சர் ஒங்களுக்கு?"

அவர்தான் சொல்லிக் கொடுத்தார். ஒரு நாளைக்குப் பதினாறு கிலோ கொழுந்து எடுத்தால் அந்தத் தோட்டத்தில் ஒரு பேர், அதாவது முழுநாள் கூலி. பதினாறு வராவிட்டால் அரைப்பேர், அரைநாள் கூலி. ஒரு கிலோ குறைந்தாலும் அதுதான், ஏழு கிலோ குறைந்தாலும் அதுதான். ஒப்பமும் இல்லை, எழுத்தும் இல்லை. பேர் என்றாலே அங்கே கூலிதான். இந்தப் பிள்ளைகள் பேசப் பழகிய நாளிலிருந்து வீட்டில் கேட்கிற பின்னம் அது ஒன்றுதான். முழுசு, இல்லாவிட்டால் அரை.

அன்றைக்குப் பஸ்ஸில் டீச்சர் வாயையும் திறக்கவில்லை, மனதுக்குள்ளும் பேசவில்லை. முதியோர் கல்வி வகுப்பு நினைவுக்கு வந்தபோது சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். வீட்டுக்குப் போய்த் தனேஸ்வரனிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"நானும் பதுளைதானே, எனக்கும் தெரியாது," என்றார் அவர் ஆறுதலுக்கு.

"நீங்கள் அவையின்ர பேரைக் கத்தரிக்கோலால வெட்டயில்லையப்பா," என்றார் டீச்சர்.

ஆனாலும் அவர் ஓய்ந்து உட்காரும் ஆள் இல்லை. இரண்டு கிழமை இருக்கிறதே. ரொட்டிகளை ஒரு பையில் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, நீளமான கீற்றுகளாக அட்டை வெட்டி, ஒவ்வொன்றிலும் பதினாறு கட்டம் கீறினார். ஒரு கட்டம் ஒரு கிலோ. அம்மா நேற்று எத்தனை கிலோ எடுத்தார் என்று ஒவ்வொரு பிள்ளையும் கேட்டுக்கொண்டு வந்து, அத்தனை கட்டத்துக்குப் பச்சை தீட்ட வேண்டும். பிறகு கீற்றை மடிக்க வேண்டும். நடுவில் மடித்தால் எட்டு, அதுதான் அரை. இன்னொரு மடிப்பு மடித்தால் நாலு, அது கால். பன்னிரண்டு என்றால் முக்கால். யாருடைய அம்மா முக்காலைத் தாண்டினார், யாருடைய அம்மா அரைக்கும் முக்காலுக்கும் இடையில் என்று கீற்றுகளை வரிசையாக வைத்து விளையாடினார்கள்.

ஐந்தே நாளில் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிட்டது. நிறத்தை மாற்றினாலும் சரி, வெள்ளைப் பக்கத்தைக் காட்டினாலும் சரி, விரலை வைத்து அளந்து சரியாகச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகள் மடித்து முடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். சுதர்சினி மாத்திரம் தன் கீற்றை மடித்தும் விரித்தும் பார்த்துக்கொண்டே இருப்பாள். கெட்டிக்காரப் பிள்ளை, பின்னத்தில் எவ்வளவு ஆசை என்று டீச்சர் நினைத்தார். அவருடைய அந்தப் பழைய நல்ல அபிப்பிராயம் இதற்குள் திரும்பி வந்து நாற்காலி போட்டு அமர்ந்துவிட்டது.

இருபத்தைந்தாம் திகதி மழை. சரவணமுத்து ஜீப்பில் வந்து இறங்கினார். பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுவதால் தோட்டத்திடம் தகரம் கேட்டிருந்த அலவி, அதை ஞாபகப்படுத்தலாம் என்று தோட்டத்துச் சின்னத்துரையையும், அதாவது உதவி மேலாளரையும், அழைத்திருந்தார். இளம் வயது, கண்டிப் பக்கத்துச் சிங்களவர், தமிழ் ஓரளவு தெரியும். இருவருக்கும் தோட்டக் கந்தோரிலிருந்து வந்த நல்ல கதிரைகள் போடப்பட்டன.

பாடம் எண்ணெய் போட்டது போல ஓடியது. பிள்ளைகள் கீற்றை எடுத்தார்கள், தீட்டினார்கள், மடித்தார்கள். சரவணமுத்து தானே எழுந்து வந்து சுதர்சினியின் கீற்றைத் தூக்கிப் பார்த்தார். பதினைந்து கட்டம் பச்சை.

"இது என்ன பின்னம் பிள்ளை?"

"பதினாறில் பதினைந்து சேர்."

"அரையெண்டு சொல்லலாமோ?"

"சொல்ல ஏலாதுங்க சேர். அரைன்னா எட்டு."

சரவணமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது. உட்கார்ந்து கோப்பைத் திறந்தார், பேனையின் மூடியைக் கழற்றினார். அந்த மூடி கழன்ற சத்தம் டீச்சருக்கு எட்டரை மணிக் கந்தோரின் கதவு திறந்த சத்தமாகக் கேட்டது. பேனையைக் கடதாசியில் வைக்கப் போனவர், நல்ல மனிதர், "பிள்ளையள் ஆராவது ஏதும் கேக்கப் போறியளோ?" என்றார்.

முதலில் எழும்புகிற கை எழுந்தது.

"சேர், எங்கம்மா நேத்து பதினஞ்சு கிலோங்க. அரைப்பேரு போட்டாங்க. அரைன்னா எட்டுதானே." சுதர்சினி கீற்றை நடுவில் மடித்து, மிச்சமிருந்த பச்சைக் கட்டங்களை விரலால் தொட்டு எண்ணினாள். "அப்ப இந்த ஏழு கிலோவும் எங்கங்க போச்சு?"

தகரத்தில் மழை விழுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. சின்னத்துரைக்கு அவ்வளவு தமிழ் போதுமாக இருந்திருக்க வேண்டும். அவர் காலை மடக்கி, தன் சப்பாத்திலிருந்த சேற்றைக் கவனமாகப் பார்த்தார். அலவி கூரையைப் பார்த்தார். சரவணமுத்து பேனையைக் கடதாசிக்கு மேலே பிடித்தபடி சந்திரகாந்தி டீச்சரைப் பார்த்தார். என்ன சொல்லப் போகிறீர்கள் என்பது போல.

கணக்கு சரி. பதினைந்திலிருந்து எட்டுப் போனால் ஏழு. பதினாறு வருடத்தில் எந்தப் பிள்ளையும் டீச்சரிடம் இவ்வளவு சரியான கேள்வி கேட்டதில்லை. அது அவருக்கு அந்த நொடியிலேயே தெரிந்தது. பிறகுதான் தெரிந்தது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

"அது கணக்கில்லைப் பிள்ளை," என்றார் டீச்சர், நல்ல இனிமையாக. "இருங்கோ."

சுதர்சினி உட்கார்ந்தாள். பேனை எழுதத் தொடங்கியது.

டிசம்பரில் நியமனக் கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்துக் கூரைத் தகரத்துக்காகத்தான் பிள்ளையை இருத்தினேன் என்று சில நாள் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார் டீச்சர். தகரம் வரவில்லை. அதனால் அந்தச் சமாதானமும் நிலைக்கவில்லை. 2000ஆம் ஆண்டு தொடங்கி ஒன்பது வருடம் ஆலோசகராக இருந்தார். பதினாறு கட்டக் கீற்றைக் கொஸ்லந்த, பூனாகலை வரைக்கும் கொண்டுபோனார். ரொட்டிக் கடையையும், இஞ்சியையும், கத்தரிக்கோலையும் சொல்லி ஆசிரியர்களைச் சிரிக்க வைப்பார். ஆலோசகர் பதவியை ஒரு பிள்ளையை இருத்தி வாங்கினேன் என்பதையும் சொல்லுவார். அதற்கும் சிலர் சிரிப்பார்கள், அவர் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து.

தனேஸ்வரனுக்கு மட்டும் சொன்னது வேறொன்று. அது அந்தப் பள்ளிக்கூடத்தில் அவருடைய கடைசி நாள்.

சரவணமுத்து வந்துபோன பிறகு ஐந்து கிழமையாகச் சுதர்சினி கையைத் தூக்கவில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. சொன்னதைச் செய்தாள், எழுதினதெல்லாம் சரி, கேட்டால் பதில் சொன்னாள். கை மட்டும் மேசையில் இருந்தது. டீச்சருக்கு அது ஒவ்வொரு நாளும் தைத்தது. கடிதம் கைக்கு வந்து, இனி யாரும் அதைப் பறிக்க முடியாது என்று ஆன பிறகு அவருக்குத் தைரியமும் வந்தது. தைரியம் வந்த நேரத்தைச் சொல்லும்போது தன்னையே நன்றாகத் திட்டிக்கொள்வார். பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு சுதர்சினியைக் கூப்பிட்டு முன்வாங்கில் இருத்தி, பக்கத்தில் தானும் அமர்ந்தார். அந்த ஏழு கிலோ எங்கே போகிறது, யார் வைத்த விதி, அது ஏன் நியாயமில்லை என்று பிள்ளைக்கு விளங்கும்படி சொல்ல இரண்டு இரவு யோசித்து வைத்திருந்தார்.

"அண்டைக்கு அந்த சேரிட்டை ஒண்டு கேட்டியள். அது நல்ல கேள்வி. இப்ப என்னட்டைக் கேளுங்கோ, நான் சொல்லுறன்."

"எதுங்க டீச்சர்?"

"அந்த ஏழு கிலோ."

சுதர்சினி கொஞ்சம் யோசித்தாள். அவளுக்கு நினைவு வந்தது முகத்தில் தெரிந்தது.

"அது கணக்கில்லைன்னு சொன்னீங்களே டீச்சர். எங்கம்மா கீத்தப் பாத்துட்டு, பேரு போடுற கணக்கப்புள்ளகிட்ட போய்க் கேக்கப் போறேன்னுச்சு. நாந்தான், இல்லம்மா, அது கணக்கில்லையாம், டீச்சர் சொன்னாங்கன்னு சொன்னேன்." பிள்ளை புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அம்மா கேக்காம விட்டுருச்சுங்க."